வேகமாக இழுத்தால் இரும்பின் பலம் குறையுமா?

புளியரைக்கு மேலே எஸ் வளைவில் லாரி நின்றுபோவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிகள் அந்த ஏற்றத்தைத் தாண்டித்தான் கோட்டைவாசலுக்கும் ஆரியங்காவுக்கும் போயாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு லாரி நின்றுவிட்டது. முன்னால் இன்னொரு லாரியை நிறுத்தி, இரும்புச் சங்கிலி மாட்டி இழுத்தார்கள். நிதானமாக இழுத்தபோது சங்கிலி தாங்கியது, ஆனால் லாரி அசையவில்லை. சங்கிலியைக் கொஞ்சம் தளர விட்டு ஒரு வெட்டு வெட்டி இழுக்கலாம் என்று முன்லாரியைச் சட்டென எடுத்தார்கள். சங்கிலி அறுந்து, ஒரு கண்ணி தெறித்துப் போய்த் தடுப்புச் சுவரில் விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

அப்புறம் டீக்கடையில் அதே பேச்சுதான். "வேகமா இழுத்தா இரும்போட பலம் போயிரும் அண்ணாச்சி" என்றார் ஒருவர். அரிவாளும் ரப்பர் வெட்டும் கத்தியும் அடித்துக் கொடுக்கும் ஆசாரி, "வேகமா அடிச்சாத்தான் இரும்பு இளகும், நான் தினமும் பாக்கேனே" என்று ஆமோதித்தார். மூன்றாமவர் அறுந்த கண்ணியின் முகத்தைக் காட்டி, "பாருங்க, அதிர்ந்து அதிர்ந்து உள்ள எல்லாம் கல்கண்டு மாதிரி ஆயிருச்சு" என்றார்.

சில வருடங்கள் கம்பிகளை இழுத்துச் சோதிக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். இந்த மூன்று பேச்சையும் கட்டட வேலை நடக்கும் இடங்களில், படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். மூன்றிலும் கண்ணால் பார்த்த ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் மூன்றிலும் தவறு. வேகமாக இழுத்தால் இரும்பு பலவீனமாவதில்லை, இன்னும் விறைப்பாக எதிர்த்து நிற்கிறது. அப்படியானால் சங்கிலி ஏன் அறுந்தது? அங்கிருந்தே தொடங்குவோம்.

வெட்டி இழுப்பதில் கூடுவது எது?

மீன்கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ மீனைக் கொக்கியில் மாட்டி, கையால் தாங்கியபடியே மெதுவாக இறக்கினால் முள் ஒரு கிலோவில் வந்து நிற்கும். அதே மீனை மாட்டியதும் சட்டென்று கையை எடுத்துவிட்டால் முள் ஏறக்குறைய இரண்டு கிலோ வரை இறங்கி, ஆடி ஆடி, கடைசியில் ஒன்றுக்கு வரும். மீனின் எடை மாறவில்லை, ஸ்பிரிங்கும் அதேதான். ஆனாலும் அந்த ஒரு கணத்தில் ஸ்பிரிங் இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கியிருக்கிறது. மீனை ஒரு சாண் உயரத்திலிருந்து விழவிட்டால் இரண்டோடும் நிற்காது.

எஸ் வளைவில் நடந்ததும் இதுதான். முன்லாரி 15 டன், சங்கிலி விறைக்கும் நேரத்தில் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது நாம் நடக்கும் வேகம்கூட இல்லை. அந்த ஓட்டத்தில் லாரியிடம் இருக்கும் ஆற்றல் 7,500 ஜூல். பின்லாரி அசையாமல் நின்றால் இந்த ஆற்றல் முழுவதையும் சங்கிலியும் கொக்கியும் நீண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மொத்தமாக 5 சென்டிமீட்டர்தான் அவை நீளும் என்றால், சராசரி இழுவை 15 டன் எடைக்குச் சமம். அதே இடத்தில் தடித்த நைலான் கயிறு போட்டு, அது அரை மீட்டர் நீண்டு கொடுத்தால் இழுவை ஒன்றரை டன்தான். லாரி ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான், இழுவையில் மட்டும் பத்து மடங்கு வித்தியாசம்.

ஆகவே முதல் குழப்பத்தை இங்கேயே பிரித்துவிடலாம். வெட்டி இழுக்கும்போது சங்கிலியின் பலம் குறைவதில்லை, அதன் மேல் விழும் விசைதான் கூடுகிறது. விசை எவ்வளவு வருகிறது என்பது ஒரு கேள்வி. அந்த விசையை உலோகம் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. இனி நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

வேகம் என்று எதைச் சொல்கிறோம்?

இதற்கு மூன்று சொற்கள் வேண்டும். முதலாவது தகைவு. ஒரு கம்பியை இழுக்கும் விசையை அதன் வெட்டுமுகப் பரப்பால் வகுத்தால் வருவது அது. வீடு கட்டப் பயன்படும் எஃப்.இ. 500 கம்பியில் அந்த 500 என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் தகைவு வரையாவது கம்பி பணியாமல் தாங்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 16 மில்லிமீட்டர் கம்பிக்கு இது சுமார் 10 டன் இழுவை.

இந்தப் பணிதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த விசையில் இழுத்து விட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். ஓர் எல்லையைத் தாண்டினால் திரும்பாது, நீண்டது நீண்டதுதான். அந்த எல்லையில் இருக்கும் தகைவைப் பணியும் தகைவு என்று இங்கே அழைக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் இதை ஈல்டு என்போம்.

இரண்டாவது சொல் திரிபு. ஒரு பொருள் எவ்வளவு நீண்டது என்பதை அதன் முதல் நீளத்தால் வகுத்தால் திரிபு கிடைக்கும். 100 மில்லிமீட்டர் கம்பி 1 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு நூற்றில் ஒன்று.

உலோகத்தைப் பொறுத்தவரை வேகம் என்பது லாரியின் வேகம் அல்ல. ஒரு நொடியில் எவ்வளவு திரிபு நடக்கிறது என்பதே அதற்குத் தெரிகிற வேகம். இதன் பெயர் திரிபு வீதம். நொடிக்கு 1 மீட்டர் என்ற அதே வேகத்தில் 10 மீட்டர் கயிற்றை இழுத்தால் திரிபு வீதம் நொடிக்கு 0.1. ஒரு மீட்டர் சங்கிலியை இழுத்தால் அது நொடிக்கு 1. கை ஒரே வேகத்தில்தான் இழுக்கிறது, ஆனால் குட்டையான பொருளுக்கு அது பத்து மடங்கு அவசரம்.

இந்த வீதங்கள் எவ்வளவு அகலத்துக்கு விரிந்து கிடக்கின்றன என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். ஆய்வுக்கூடத்து இழுவை எந்திரத்தில் 50 மில்லிமீட்டர் நீளத்தை நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் இழுத்தால் வீதம் நொடிக்கு 0.001. கட்டுக்கம்பியைக் கையால் மடக்கும்போது ஏறக்குறைய நொடிக்கு 1. கார் மோதும்போது தகடுகளில் ஒன்றிலிருந்து சில நூறு வரை. ஆசாரியின் சம்மட்டி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 20 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பில் இறங்கினால் நொடிக்கு 250. லேத்தில் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வருகிறதே, அந்தச் சீவல் பிரியும் இடத்தில் பத்தாயிரத்தையும் தாண்டும். மறுகோடியில், சூடான கொதிகலன் குழாய் தன் சுமையிலேயே மிக மெல்ல நீள்வது இருக்கிறது. நொடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கு என்ற வீதத்தில் ஒரு சதவீதம் நீளவே ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும்.

சுருக்கமாக: தகைவு என்பது ஒரு சதுர மில்லிமீட்டர் மேல் விழும் பாரம், திரிபு என்பது எத்தனை பங்கு நீண்டது என்பது, திரிபு வீதம் என்பது அந்த நீட்சி எவ்வளவு அவசரமாக நடந்தது என்பது.

வேகம் கூடினால் பலம் கூடுகிறது

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜான் ஹாப்கின்சன். 1872-இல் அவர் இரும்புக் கம்பிகளை நெட்டாகத் தொங்கவிட்டு, கம்பியின் கீழ் முனையில் ஒரு பிடியைப் பொருத்தி, கம்பி வழியே ஒரு பாரத்தை விழவிட்டு அறுத்துப் பார்த்தார். கம்பி அறுமா, அறாதா என்பதை முடிவு செய்தது பாரத்தின் எடை அல்ல, அது விழுந்த உயரம்தான். உயரம்தான் மோதும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பிறகு அவர் மகன் பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1905-இல் இன்னும் நுட்பமாக அளந்தார். ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்கே நீடிக்கும் இழுவையில், மெதுவாக இழுத்தால் அறுந்தேவிடும் தகைவைக்கூட இரும்புக் கம்பி தாங்கிவிட்டுப் பழையபடி திரும்பியது. அவ்வளவு பெரிய தகைவு வந்தும், பணிவதற்கு அந்தக் கம்பிக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த "நேரம் கிடைக்கவில்லை" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

எண்ணில் சொன்னால், சாதாரண மென்னெஃகுக்கு 1957-இல் கௌப்பர், சைமண்ட்ஸ் என்ற இருவர் கொடுத்த சூத்திரத்தைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி, மெதுவாக இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டனில் பணியும் எஃகு, நொடிக்கு 1 என்ற வீதத்தில் ஏறக்குறைய 370-இல் பணிகிறது. நொடிக்கு 40 என்ற வீதத்தில் 500, அதாவது இரட்டிப்பு. உயர்பலம் கொண்ட எஃகுகளில் இந்தக் கூடுதல் விகிதம் குறைவு. ஆனாலும் கூடவே செய்கிறது.

இதனால்தான் கம்பிச் சோதனையை எவ்வளவு வேகத்தில் நடத்த வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. நம் நாட்டில் ஐ.எஸ். 1608 என்ற தரநிலை அதைச் சொல்கிறது. எந்திரத்தின் வேகத்தைக் கூட்டி வைத்து இழுத்தால், அதே கம்பி தாளில் இன்னும் பலசாலியாகத் தெரியும். சோதனை அறிக்கை வாங்குகிறவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். எந்தத் தரநிலைப்படி இழுத்தார்கள் என்ற வரியையும் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஒன்று மட்டும் வேகத்தால் மாறாது. பணிவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஸ்பிரிங் போன்ற விறைப்பு மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகம் தொடுவது பணியும் எல்லையையும் அதற்கு மேல் நடப்பதையும்.

ஏன் நேரம் தேவைப்படுகிறது?

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காக இருக்கின்றன. ஒரு கம்பி நிரந்தரமாக நீள்கிறது என்றால் உள்ளே ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் சறுக்குகிறது என்று அர்த்தம். முழு அடுக்கையும் ஒரே தள்ளில் சறுக்க வைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, உண்மையான உலோகம் பணிவதைப் போல நூறு மடங்குக்கும் மேலாக வந்தது. விடை 1934-இல் கிடைத்தது. டெய்லர், ஓரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே அதைச் சொன்னார்கள்.

கம்பளிப்பூச்சி எப்படி நகர்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முழு உடம்பையும் ஒரே நேரத்தில் தூக்கி வைப்பதில்லை. பின்பக்கம் ஒரு மேடு எழும்புகிறது, அந்த மேடு உடம்பு வழியே முன்னால் நகர்கிறது, அது தலையை அடையும்போது பூச்சி ஓர் அடி முன்னேறியிருக்கும். உலோகத்தின் அடுக்கும் அப்படித்தான் சறுக்குகிறது. வரிசை கொஞ்சம் பிசகிய ஒரு கோடு அடுக்கின் ஒரு பக்கம் தோன்றி மறுபக்கம் வரை ஓடுகிறது. ஓடி முடித்தால் அடுக்கு ஓர் அணு தூரம் நகர்ந்துவிடும். அந்தக் கோட்டைப் பிறழ்வுக்கோடு என்போம். நீங்கள் ஒரு கம்பியை மடக்கும்போது எண்ண முடியாத அளவு பிறழ்வுக்கோடுகள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன.

அவை தடையில்லாமல் ஓடுவதில்லை. கரிம அணுக்கள், பிற அணுக்கள், மற்ற பிறழ்வுக்கோடுகள் எல்லாம் வழியில் நிற்கின்றன. இரும்பில் அணு வரிசையே ஒரு மேடுபள்ளம் போலத் தடுக்கிறது. இந்தத் தடையை எப்படித் தாண்டுவது?

இங்கே குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை, பேரருவிக்குக் கீழே தோளோடு தோள் உரசும் கூட்டம். நீங்கள் தண்ணீர் விழும் இடத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு அவசரமில்லை என்றால் என்ன செய்வீர்கள்? லேசாகத் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்பீர்கள். முன்னால் இருப்பவர் தலை துவட்டக் குனிவார், இன்னொருவர் பிள்ளையைத் தூக்கத் திரும்புவார், ஒரு கணம் இடைவெளி விழும். அதில் நுழைந்துவிடலாம். பெரிதாகத் தள்ள வேண்டியதில்லை, கூட்டத்தின் அசைவே உங்களுக்கு வழிவிடுகிறது. ஆனால் பத்து நொடியில் உள்ளே போயே ஆக வேண்டும் என்றால்? இடைவெளிக்குக் காத்திருக்க முடியாது. முழங்கையால் இடித்துத்தான் போக வேண்டும்.

பிறழ்வுக்கோடு தடை முன்னால் நிற்பது அப்படித்தான். அணுக்கள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன, நொடிக்கு லட்சம் கோடி முறைக்கும் மேல். வெப்பம் என்பதே அந்த அதிர்வுதான். அந்த அதிர்வில் ஏதோ ஒரு கணம் தடை தளர்கிறது, கோடு தாண்டிவிடுகிறது. மெதுவாக இழுக்கும்போது அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க நேரம் இருக்கிறது, அதனால் குறைந்த தகைவே போதும். வேகமாக இழுக்கும்போது நேரம் இல்லை. வெப்பம் செய்திருக்க வேண்டிய உதவியையும் சேர்த்துத் தகைவே செய்ய வேண்டியிருக்கிறது. அதுதான் நமக்கு வெளியே கூடுதல் பலமாகத் தெரிகிறது.

இந்த உவமையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கூட்டம் துறுதுறுவென்று அசைந்தால் இடைவெளி அடிக்கடி விழும், நனைந்து விறைத்துப்போய் அசையாமல் நின்றால் விழாது. சூடு கூடினால் அணுக்களின் அசைவு கூடும், உலோகம் எளிதில் பணியும். குளிர்ந்தால் அசைவு குறையும், பணிவது கடினம். அதாவது, வேகத்தைக் கூட்டுவதும் குளிர்விப்பதும் உலோகத்துக்கு ஏறக்குறைய ஒரே விதமான செயல்கள். 1944-இல் ஜீனர், ஹாலமன் ஆகியோர் இந்த இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்து எழுதிக் காட்டினார்கள்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். உலோகம் பணிவது பிறழ்வுக்கோடுகள் தடைகளைத் தாண்டுவதால். தாண்டுவதற்குத் தகைவும் அணு அதிர்வும் சேர்ந்து உதவுகின்றன. அவசரப்படுத்தினால் அதிர்வின் பங்கு குறைந்து, தகைவின் பங்கு கூடுகிறது.

எல்லா உலோகமும் ஒன்றல்ல

தடை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து வேகத்தின் விளைவு மாறும். அலுமினிய உலோகக் கலவைகள் பலவற்றில் சாதாரண வெப்பநிலையில், மோதல் வேகம் வரை போனாலும் பலம் பெரிதாக மாறுவதில்லை. இரும்பில் வரிசையின் மேடுபள்ளமே தடை என்பதால் அது வேகத்தை நன்றாகவே உணர்கிறது.

உருகுநிலை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கும் ஈயக் கம்பியை வாங்கிப் பாருங்கள். அது உருகுவது 183 டிகிரிக்குப் பக்கத்தில். அதை மெதுவாக இழுத்தால் பாகு மாதிரி நீண்டுகொண்டே போகும். வெடுக்கென்று இழுத்தால் நன்றாக எதிர்த்துவிட்டு அறும். வெப்பத்தை மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணத் தொடங்கினால், நம் அறையின் வெப்பம் அந்தக் கம்பி உருகும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இரும்புக்கோ உருகுநிலை 1,538 டிகிரி. அதே கணக்கில் நம் அறை ஆறில் ஒரு பங்குதான்.

புனலூரில் கல்லடையாற்றின் மேல் உள்ள தூக்குப்பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877-இல் முடிந்த பாலம். அதன் இரும்புச் சங்கிலிகள் இரவும் பகலும் பாரத்தைத் தாங்கியபடியே தொங்குகின்றன. ஈயத்தில் செய்திருந்தால் அவை தம் எடையிலேயே ஆண்டுக்காண்டு நீண்டு தொய்ந்திருக்கும். இரும்பு தொய்யாததற்குக் காரணம் அந்த ஆறில் ஒரு பங்கு. உருகுநிலை அவ்வளவு தூரத்தில் இருப்பதால், ஒரு நூற்றாண்டு காத்திருந்தாலும் அதன் தடைகள் நிலையான பாரத்துக்கு இளகிக்கொடுப்பதில்லை.

இப்போது ஆசாரியின் பட்டறைக்கு வருவோம். உலையில் செம்மஞ்சளாகப் பழுத்த இரும்பின் வெப்பம் சுமார் 900 முதல் 1,000 டிகிரி. அதே மைனஸ் 273 கணக்கில் பார்த்தால் அதுவும் உருகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உலையில் பழுத்த இரும்பும் உங்கள் கையில் இருக்கும் ஈயக் கம்பியும் இந்த விஷயத்தில் ஒரே நிலையில் இருக்கின்றன. ஆகவே பழுத்த இரும்பு வேகத்தை மிக நன்றாக உணரும். ஆறிய எஃகை, சோதனை எந்திரத்தின் வேகங்களில், பத்து மடங்கு வேகமாக இழுத்தால் பலம் சில சதவீதம்தான் கூடும். பழுத்த எஃகில் அதே பத்து மடங்கு வேகத்துக்குக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடும். சம்மட்டியால் அடிப்பதைவிட நிதானமாக அழுத்தும் பிரஸ்ஸுக்குக் குறைந்த விசையே போதும் என்பது இதனால்தான்.

அப்படியானால் ஆசாரி சொன்னது பொய்யா? அவர் பார்த்தது உண்மை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

வேகத்தில் பிறக்கும் சூடு

கட்டுக்கம்பியை அறுக்க வேண்டும் என்றால் முன்னும் பின்னும் வேகமாக மடக்குவோம். அறுந்த இடத்தைத் தொட்டால் சுடும். உலோகத்தை உருமாற்றச் செலவழிக்கும் உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சூடாக மாறுகிறது. டெய்லரும் குவினியும் 1934-இல் இதை அளந்து சொன்னார்கள்.

மெதுவாக இழுத்தால் அந்தச் சூடு பக்கத்தில் பரவி, காற்றிலும் பிடிகளிலும் போய்விடும். வேகமாக நடந்தால் போவதற்கு நேரமில்லை, பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் தகைவில் ஓர் எஃகுத் துண்டு ஐந்தில் ஒரு பங்கு நீண்டால் அதன் வெப்பம் 20 டிகிரி போலக் கூடும். இன்னும் கடுமையாக உருமாறினால் நூறு டிகிரியையும் தாண்டும். சூடேறிய இடம் இளகும், இளகிய இடத்திலேயே மேலும் உருமாற்றம் நடக்கும், அங்கேயே இன்னும் சூடேறும். பிரான்சின் ஆன்றி திரெஸ்கா 1870-களில் ஒரு பிளாட்டினக் கலவைக் கட்டியை அடிக்கும்போது, அது ஆறிக்கொண்டிருந்த நேரத்திலும் ஒவ்வோர் அடிக்கும் அதன் பக்கவாட்டில் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் ஒளிர்ந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தக் கோடுகளில்தான் உருமாற்றம் குவிந்திருந்தது.

எங்கள் ஆசாரி ஒருமுறை எனக்கு ஒரு வித்தை காட்டினார். ஆறிய மெல்லிய கம்பி முனையைப் பட்டறைக் கல்லில் வைத்துத் திருப்பித் திருப்பி விடாமல் அடித்தார். சற்று நேரத்தில் முனை பழுத்துவிட்டது. அதிலேயே பீடியைப் பற்றவைத்தார். அவர் கையில் வேகம் இரண்டு வேலை செய்கிறது. அடிக்கும் சூட்டை ஆறவிடாமல் சேர்க்கிறது. உலையிலிருந்து எடுத்த இரும்பு குளிர்ந்த கல்லில் கிடந்து ஆறுவதற்குள் வேலையை முடிக்கிறது. இளக்குவது சூடு. வேகம் அந்தச் சூட்டைக் காப்பாற்றித் தருகிறது. அவர் அவசரப்படுவது முழுக்கச் சரி.

பலம் கூடியும் ஏன் உடைகிறது?

உலோகம் தோற்பதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பணிந்து நீள்வது, இன்னொன்று பிளப்பது. எந்த வாசல் குறைந்த தகைவில் திறக்கிறதோ அதன் வழியே போகும். பணிவதற்கு நேரமும் அணு அதிர்வும் வேண்டும் என்று பார்த்தோம். ஆகவே வேகம் கூடினாலும் குளிர் கூடினாலும் பணியும் வாசல் இறுகிக்கொண்டே போகிறது. பிளக்கும் வாசலுக்கு அந்தத் தேவை கிடையாது, அது ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஒரு கட்டத்தில் பிளப்பதே எளிது என்றாகிவிடும். அப்போது எஃகு முன்னறிவிப்பில்லாமல் கண்ணாடிபோல் உடைகிறது.

ஒழுங்கான கம்பியில் இது எளிதில் நடக்காது. வேகமாக இழுத்தால் நீட்சி கட்டாயம் குறையும் என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது, பல எஃகுகள் வேகத்திலும் நன்றாகவே நீள்கின்றன. ஆபத்தைக் கொண்டுவருவது வெட்டு, கீறல், பழைய வெடிப்பு. கீறலின் முனையில் தகைவு குவிகிறது. அந்தச் சின்ன இடத்தில் திரிபு வீதமும் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பற்றவைத்துக் கட்டிய ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், அமைதியான தண்ணீரில் கட்டியிருந்தபோதே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. குளிர் இரவு, பற்றவைப்பில் குறை, அந்தக் குளிரைத் தாங்காத எஃகு. இந்த மூன்றும் சேர்ந்தன. ஓடத் தொடங்கிய வெடிப்பு தன் முனையில் தானே வேகத்தை உண்டாக்கிக்கொண்டு போனது.

இந்த ஆபத்தை அளக்கத்தான் 1901-இல் ஜார்ஜ் ஷார்ப்பி ஒழுங்குபடுத்திய சோதனை இருக்கிறது. 10 மில்லிமீட்டர் சதுரத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டு, ஊசலாடும் சம்மட்டியால் ஒரே அடி. வெட்டு, வேகம், வேண்டுமானால் குளிர் என எஃகுக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்க்கும் சோதனை அது. அலுமினியத்தில் பணியும் வாசல் குளிரில் அவ்வளவாக இறுகுவதில்லை. அதனால்தான் மைனஸ் 160 டிகிரிக்குப் பக்கத்தில் திரவ எரிவாயு வைக்கும் தொட்டிகளை அதில் செய்ய முடிகிறது.

அந்தக் கண்ணி

மூன்றாமவர் காட்டிய கல்கண்டுக்கும் இங்கேதான் விடை. இரும்பு அதிர்ந்து படிகமாவதில்லை. அது உருகி உறைந்த நாளிலிருந்தே படிகங்களால் ஆனதுதான். பணிந்து, இழுபட்டு அறுந்தால் அந்த முகம் மங்கலாக, நார் நாராக இருக்கும். பணியாமல் பிளந்தால் படிகங்களின் பிளவுமுகங்கள் பளபளக்கும். அவர் பார்த்தது எப்படி உடைந்தது என்பதன் அடையாளம்.

அறுந்த கண்ணியை நான் கேட்டு வாங்கி வந்தேன். அதன் முகத்தில் ஒரு ஓரம், பிறை வடிவில், துருவேறிப் பழுப்பாக இருக்கிறது. அது பல மாதமாகவோ வருடமாகவோ வளர்ந்திருந்த பழைய வெடிப்பு, மழைத் தண்ணீர் உள்ளே போய்வந்திருக்கிறது. மீதி முக்கால் பாகம் புதிதாகப் பளபளக்கிறது. நிதானமாக இழுத்தபோது அந்த மீதி பாகம் தாங்கியது. வெட்டி இழுத்தபோது விசை பல மடங்கு ஆனது, வெடிப்பின் முனையில் பணிவதற்கு நேரமும் இல்லாமல் போனது. ஆசாரியிடம் காட்டினேன். துருப்பிறையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இழுக்கதுக்கு முன்னாடி ஒவ்வொரு கண்ணியையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சுப் பாத்திருக்கணும் தம்பி, எண்ணெய் இறங்கி நிக்கிற கோடு காட்டிக் குடுத்திருக்கும்" என்றார்.